உத்திரத்தின் கீழே ஐலண்ட் எதற்கு?

கேள்வி: பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்ததும் மேலே தேக்கு உத்திரங்கள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றை இனி மூடுவதாக இல்லை. சமையலறை 10க்கு 14 அடி. நடுவில் ஐலண்ட் இல்லாவிட்டால் ‘லுக்’ வராது என்கிறார் இன்டீரியர் டிசைனர். நடு அறையில் மேடை கட்டினால் மனுஷி எங்கே நடப்பது என்கிறார் மாமியார். யார் பக்கம் நியாயம்? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: மாமியார் பக்கம். ஆனால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டிவிடாதீர்கள். பிறகு கிரானைட் நிறம் முதல் குழாய்த் திருகு வரை அவரே முடிவு செய்வார்.

முதலில் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிடுவோம். சமையல் மேடையின் அகலம் 2 அடி. அதன் முன்னால் நின்று வேலை செய்யவும் குனிந்து கீழ் அலமாரியைத் திறக்கவும் ஓர் ஆளுக்கு 42 அங்குலம் வேண்டும், இருவர் புழங்கினால் 48 அங்குலம் வேண்டும் என்கிறது அமெரிக்காவின் தேசிய சமையலறை, குளியலறைச் சங்கம். ஐலண்ட் மோகம் உச்சத்தில் இருக்கும் நாட்டின் கணக்கு இது. நம்மூர்க் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு பக்கமும் மேடை, நடுவில் இரண்டரை அடி ஐலண்ட், இருபுறமும் மூன்றரை அடி வழி என்று கூட்டினால் பதின்மூன்றரை அடி அகலம் வருகிறது. உங்களிடம் இருப்பது 10. ஒரு பக்க மேடையைத் தியாகம் செய்தாலும் ஐலண்டுக்குப் பின்னால் 2 அடிச் சந்துதான் மிஞ்சும். அதில் இட்லிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

‘அப்படியென்றால் அறை பெரிதாக இருந்தால் ஐலண்ட் வைக்கலாமா?’ என்று டிசைனர் மடக்குவார். உத்திரம் தெரியும் கூரையின் கீழ் அப்போதும் வேண்டாம் என்பதே என் கட்சி. உங்கள் தலைக்கு மேல் இருப்பது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் போட்டு, மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், கோணலான வரிசையாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை கொட்டி இடித்து, கடைசியில் தட்டோடு பாவிய கூரை அது. அதற்குள் ஒளிவிடம் கிடையாது. அமெரிக்க மரச்சட்ட வீட்டில் உத்திரங்களுக்கு அடியில் ப்ளாஸ்டர் பலகை அடித்திருப்பார்கள். அந்தப் பலகைக்கு மேலும் தரைப்பலகைக்குக் கீழும் இருக்கும் வெற்றிடத்தில் வயர், தண்ணீர்க் குழாய், புகைக் குழாய் எல்லாம் கண்ணில் படாமல் ஓடும். அறையின் நடுவே அடுப்பும் தொட்டியும் முளைக்க முடிந்தது அந்த வெற்றிடத்தின் தயவால்தான். உங்கள் வீட்டில் கூரை திறந்து கிடக்கிறது, தரையோ கெட்டித் தரை. ஐலண்டுக்கு வர வேண்டியவை எல்லாம் ஒன்று கண்ணெதிரே தொங்க வேண்டும், அல்லது தரையை உடைத்துக்கொண்டு வர வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு 40க்கு 1 என்று வாட்டம் கொடுத்தால் 10 அடி தூரத்துக்கு 3 அங்குலம் இறங்கும். அந்தப் பள்ளத்துக்காக உடைபடுவது எண்பது வருஷமாகக் கால்பட்டு மெருகேறிய சிவப்புச் சிமென்ட் தரையாக இருந்தால், அதை மறுபடி அதே நிறத்தில் பூச ஆள் தேடிப் பாருங்கள், தெரியும்.

ஆகவே தண்ணீர், நெருப்பு, புகை மூன்றையும் சுவரோரமாக வையுங்கள். நடுவில் ஒரு மேஜை போடுங்கள். கால் உள்ள, நகர்த்தக்கூடிய, சாதாரண மர மேஜை. காய் நறுக்கலாம், கீரை ஆயலாம், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதலாம், கல்யாண வேலை வந்தால் தூக்கி முற்றத்தில் போட்டுவிடலாம். மேடையைவிட மேஜை நாலைந்து அங்குலம் தாழ்வு என்பதால் சப்பாத்தி தேய்க்கத் தோளுக்கு இதம். முக்கியமாக, மாமியார் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். ஐலண்டில் ஏறி உட்கார வேண்டிய உயரமான ஸ்டூல்கள் அறுபது வயதைக் கடந்தவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

கேள்வி: அடுப்பு நடுவில் இருந்தால் புகை நாலாபக்கமும் கலைந்துவிடும், மேலே பெரிய சிம்னி தொங்கவிட்டால் கம்பீரமாகவும் இருக்கும் என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

பதில்: புகை கலைந்துவிடும் என்பது உண்மைதான். கலைந்து எங்கே போகும் என்பதுதான் விஷயம். தாளிப்பில் எழும் எண்ணெய் ஆவி மேலே ஏறிக் குளிர்ந்து முதலில் கிடைக்கும் பரப்பில் படியும். உங்கள் வீட்டில் அது உத்திரம். வழவழப்பான கான்கிரீட் கூரையென்றால் ஒரு கோட் பெயின்ட்டோடு விஷயம் முடிந்தது. உத்திரத்துக்கோ இரண்டு பக்கவாட்டு, ஓர் அடிப்பக்கம், நடுவே செங்கல் இடுக்கு வேறு. அங்கே பிசுக்கும் ஒட்டடையும் சேர்ந்தால் ஏணி போட்டு முட்டிவலியோடு துடைக்கப்போவது டிசைனர் அல்ல.

சுவரோர அடுப்புக்கு மூன்று பக்கமாவது அணைப்பு உண்டு. பின்சுவரையும் பக்கத்து அலமாரிகளையும் ஒட்டி ஏறும் ஆவியைச் சிம்னி எளிதாக இழுத்துக்கொள்ளும். நடு அறை அடுப்பில் நாலு பக்கமும் காற்று அலைக்கழிக்கும். அதே வேலைக்கு அகலமான சிம்னியும் பலமான மோட்டாரும் கூடுதல் இரைச்சலும் தேவைப்படும். மின்விசிறியைச் சுற்றவிட்டால் ஆவியும் அலையும், நெருப்பும் அலையும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிம்னியின் அடிப்பாகம் அடுப்புக்கு மேல் 65 முதல் 75 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதாவது தரையிலிருந்து ஐந்தடி சொச்சம். உங்கள் பழைய வீட்டுக் கூரை 12 அடி உயரம் என்றால் மீதி ஆறேழு அடிக்கு எஃகுக் குழாய் நட்ட நடு அறையில் தொங்கும். ‘உத்திரம் தெரிய வேண்டும்’ என்று செலவழித்துப் பிரித்துவிட்டு, அதை மறைக்க ஒரு தூணைத் தலைகீழாக மாட்டுவதில் என்ன கம்பீரம் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தக் குழாய் வெளியே போயாக வேண்டுமே, அதுதான் நிஜமான ஆபத்து. உத்திரங்களுக்குக் குறுக்கே ஆறு அங்குலக் குழாயைக் கொண்டுபோக ஏதாவது ஒரு கட்டத்தில் தச்சர், ‘அடியில் கொஞ்சம் செதுக்கிக்கலாமா சார்?’ என்பார். கூடவே கூடாது. இரண்டு சுவரில் முனை பதித்த உத்திரம் பாரத்தில் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. நடுப்பகுதியில்தான் அந்த இழுவிசை உச்சம். செதுக்கக் கேட்கும் இடமும் அதுவேதான். மரத்தின் வளைவு வலிமை அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 அங்குல உயர உத்திரத்தில் 2 அங்குலம் எடுத்தால் கால் பங்குதானே போயிற்று என்று தோன்றும். போனது 44 சதவீதம். அடுப்பை வெளிச்சுவரில் வைத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது: உத்திர மட்டத்துக்கு வெகு கீழே சுவரில் ஒரு துளை, ஓரடிக் குழாய், வேலை முடிந்தது.

சமையலறை மாடியில் இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். கீழே தாங்குவதும் உத்திரம்தான். 6க்கு 3 அடி, 20 மில்லிமீட்டர் கிரானைட் பலகை மட்டுமே சுமார் 90 கிலோ. அதோடு அலமாரி, பாத்திரம், மூட்டை அரிசி. இத்தனையையும் உத்திரத்தின் நடுவயிற்றில் நிரந்தரமாக ஏற்றுவதும் சுவரோரமாக வைப்பதும் ஒன்றாகாது.

கேள்வி: சுவரைப் பார்த்துச் சமைக்கச் சொல்வது பெண்களை மறுபடி மூலையில் தள்ளுவது இல்லையா? ஐலண்ட் இருந்தால் கூடத்தில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கலாம். (கோவை வாசகி)

பதில்: இந்த வாரத்தின் வலுவான ஆட்சேபம் இதுதான். 1926இல் மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை பேருக்குச் சமைக்கிறார்களே, எப்படி என்று பார்த்து, கை நீட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும்படி அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனின் பாட்டி என்று அதைச் சொல்லலாம். வேலை மிச்சமானது. ஆனால் அந்தக் குறுகலான அறையில் ஒருவர்தான் நிற்க முடியும், அந்த ஒருவர் எப்போதும் வீட்டுப் பெண்தான் என்ற குறையும் பின்னாளில் நியாயமாகவே எழுந்தது. சமையலறைச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்க்கும் எண்ணத்துக்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

எனவே உங்கள் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தனிமைக்கு மருந்து ஐலண்ட்தான் என்பதோடுதான் சண்டை. ஐலண்டில் ஒருவர் அடுப்புப் பக்கம் நிற்கிறார், மற்றவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். இது பேச்சுக்கு வசதி, பங்கீட்டுக்கு அல்ல. கவுன்டருக்கு இந்தப் பக்கம் ஒரே ஆள்தான் உழைக்கிறார். மேஜையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் நாலு பேர் கையிலும் கத்தியைக் கொடுக்கலாம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே அகலமான திறப்பு விட்டு, அடுப்பை அதற்குப் பக்கவாட்டுச் சுவரில் வைத்தால் தலையைத் திருப்பினாலே கூடம் தெரியும்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி, அமெரிக்கத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற சமையல் ஆசிரியை ஜூலியா சைல்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த அவருடைய வீட்டுச் சமையலறையை அப்படியே பெயர்த்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆறடிக்கு மேல் உயரமானவர் என்பதால் மேடைகளை 38 அங்குலத்துக்கு உயர்த்திக்கொண்டவர், சட்டிகளைச் சுவர்ப் பலகையில் தொங்கவிட்டவர், நடுவில் போட்டிருந்தது ஒரு மேஜை. 1990களில் அந்த அறையிலேயே நிகழ்ச்சிகள் படமானபோது மேஜையை அகற்றிவிட்டு அடுப்போடு கூடிய ஐலண்டை வைத்தார்கள். கேமராவுக்கு முகம் தெரிய வேண்டுமல்லவா? யூட்யூப் சேனல் தொடங்கும் உத்தேசம் இருந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: உத்திரத்துக்கு நேர் கீழே அடுப்பு இருக்கக் கூடாது என்கிறார் வாஸ்துக்காரர். (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஒன்றரை அடிக்கு ஓர் உத்திரம் ஓடும் கூரையில் அடுப்பின் ஒரு பர்னராவது ஏதாவது ஓர் உத்திரத்தின் கீழ் வர வாய்ப்பு அதிகம். இரண்டு பர்னருக்கும் நடுவில் உத்திரம் வருகிறதா என்று அவரைக் கொண்டே அளக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக் குறையும் என்ற அளவில் அவர் வாக்குக்கும் ஒரு பயன் உண்டு.

கேள்வி: ஐலண்ட் இல்லையென்றால் அதன் கீழே வைக்கவிருந்த சாமான்கள் எங்கே போகும்? சுவர் அலமாரியைக் கூரை வரை ஏற்றிவிடலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: எந்தச் சுவர் என்று பார்த்து ஏற்றுங்கள். அறையின் நாலு சுவரும் இந்த விஷயத்தில் சமமல்ல. உத்திரங்களின் முனைகள் எதிரெதிரான இரண்டு சுவர்களுக்குள் புதைந்திருக்கும். தேக்கு லேசில் சாகாது. அது செத்தால் பெரும்பாலும் அந்த முனையில்தான் சாகும்: மாடியில் தண்ணீர் தேங்கி, சுவர் ஓதம் இறங்கி, காற்றுப்படாத இடத்தில் மரம் உளுத்துப்போகும். அந்தச் சுவரில் கூரை வரை அலமாரி அடித்தால் நோயாளியின் முகத்தில் போர்வை போர்த்திய மாதிரி. மூச்சு நின்றது கூடத் தெரியாது. ஆகவே முனை பதிந்த சுவர்களில் ஏழடிக்கு மேல் எதுவும் வேண்டாம். மீதி இரண்டு சுவர்கள் உத்திரத்துக்கு இணையாக ஓடுபவை. அங்கே மரத்தின் முனை எதுவும் புதைந்திருக்காது. உயரமான அலமாரி, பரண், ஃப்ரிட்ஜ், வருஷத்துக்கு ஒருமுறை இறங்கும் முறுக்கு உரல் எல்லாவற்றுக்கும் அவைதான் இடம்.

விளக்குக்கும் இதே தத்துவம். உத்திரக் கூரையில் பதிக்கும் விளக்குகளுக்கு இடமில்லை. நடுவில் ஒரே விளக்குப் போட்டால் மேடையில் உங்கள் நிழல்தான் விழும். விரலையும் வெண்டைக்காயையும் பிரித்தறிவது சிரமம். சுவர் அலமாரியின் அடியில் எல்.இ.டி. பட்டை ஒட்டுங்கள். உத்திரத்தின் பக்கவாட்டில் க்ளிப் போட்டு வயரைக் கொண்டுபோகலாம், மரத்தைக் குடைய வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது ஒன்பதரை அடி உயரக் கான்கிரீட் ஃப்ளாட். ஃபோம் உத்திரம் ஒட்டி, கீழே ஐலண்டும் வைக்கலாம் என்று யோசனை. (வேளச்சேரி வாசகர்)

பதில்: யோசனையோடு நிறுத்திக்கொண்டால் செலவில்லை. ஒன்பதரை அடியில் ஆறு அங்குலத்தை எதையும் தாங்காத உத்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, தரையில் 15 சதுர அடியை நகராத மேஜைக்குக் கொடுப்பது, சதுர அடிக்கு விலை போட்டு வாங்கிய வீட்டில் நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை.

கேள்வி: சரி, ஐலண்ட் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். அந்தப் பணத்தில் முதலில் எதைச் செய்வது? (மறுபடியும் மயிலாப்பூர் வாசகி)

பதில்: டைல்ஸ் கடைக்கு இன்னும் போகாதீர்கள். பழைய வீட்டு வேலை தெரிந்த தச்சரையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரையும் டார்ச்சோடு ஏணியில் ஏற்றுங்கள். ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தென்று சத்தம் வந்தால், மாவு உதிர்ந்தால், அங்கே அடையாளம் போடச் சொல்லுங்கள். பிறகு மொட்டை மாடியில் அந்த இடத்துக்கு நேர் மேலே தட்டோடு விரிசல் விட்டிருக்கிறதா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் மாடி ஒழுக்கை நிறுத்திவிடுங்கள். மேஜையைப் பொங்கலுக்கு வாங்கிக்கொள்ளலாம்.