தூக்கி அடி, மாப்ள!

பாலக்கோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் கால்பந்து அணிக்கு மைதானம் கிடையாது, ஏரி உண்டு. மழை பெய்து ஏரி நிரம்பினால் ஊரே பூரிக்கும், நாங்கள் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவோம். தண்ணீர் வற்றினால்தான் எங்களுக்கு சீசன். காய்ந்த வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு கோலுக்குப் பின்னால் ஏரிக்கரை, இன்னொன்றுக்குப் பின்னால் சீமைக் கருவேலங்காடு. இந்தத் தரையில் பந்தை உருட்டி பாஸ் கொடுத்தால், நாம் நினைத்த ஆளிடம் போகாது; அதற்குப் பிடித்த ஆளிடம் போகும். ஆகவே எங்களுக்கு ஒரே வியூகம்தான்: பின்னால் நிற்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்க வேண்டியது, முன்னால் நிற்கிற நெட்டையன் தலையைக் கொடுக்க வேண்டியது. தலையில் பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கும் தெரியாது, எதிரணி கோலிக்கும் தெரியாது. கோலிக்குத் தெரியாததுதான் எங்கள் பலம்.

ராத்திரி முழுக்க மொபைலில் பார்சிலோனா பார்க்கிற சின்னப் பையன்களுக்கு இது கேவலமாகப் படுகிறது. “இதெல்லாம் ஃபுட்பாலாண்ணா?” என்கிறார்கள். அவர்களுக்கு நான் சார்லஸ் ரீப்பின் கதையைச் சொல்வேன். இங்கிலாந்து விமானப்படையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். 1950இல் ஓர் ஆட்டத்தின் நடுவே நோட்டை எடுத்துப் பாஸ்களை எண்ண ஆரம்பித்தவர், அப்புறம் பல்லாண்டு காலம் நிறுத்தவே இல்லை. பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் விழுகின்றன, பிறகு எதற்கு நாலாவது பாஸ் என்பது அவர் கட்சி. பெரும்பாலான நேரம் மூன்று பாஸுக்குள் பந்தே பறிபோய்விடுகிறது, அதனால்தான் அந்தக் கணக்கு அப்படி வருகிறது என்று பின்னால் வந்தவர்கள் அவரை மடக்கினார்கள். எங்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. எங்கள் ஏரியில் நாலாவது பாஸை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இந்திய அணியும் பயிற்சியாளர் பாப் ஹூட்டன் காலத்தில் இப்படித்தான் ஆடுகிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். 2007, 2009 நேரு கோப்பைகளும், 27 ஆண்டுகளுக்குப் பிறகு 2011 ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பும் அவர் காலத்தில்தான் வந்தன. அங்கே போய் மூன்று ஆட்டத்திலும் தோற்றது வேறு விஷயம். சின்னப் பையன்களிடம் அதை நான் சொல்வதில்லை.

தூக்கி அடிப்பதற்கு மூளை வேண்டாம் என்பவர்கள் எங்கள் டாஸைப் பார்க்க வேண்டும். ஜெயித்தால் கேப்டன் பந்தைக் கேட்க மாட்டான், திசையைக் கேட்பான். இரண்டாம் பாதியில் எதிரணி கோலி மேற்கே பார்த்து நிற்க வேண்டும். ஐந்து மணி வெயில் அவன் கண்ணுக்கு நேரே இறங்கும்போது பந்து சூரியனுக்குள்ளிருந்து வரும். இது எந்த விதியிலும் தப்பில்லை.

முன்னிலை கிடைத்துவிட்டால் எங்கள் நடிப்புத் திறமை வெளியே வரும். ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். தூக்கிவிடப் போனவனுக்கும் பிடித்துக்கொள்ளும். வெளியேற வேண்டிய ஆட்டக்காரன் தூரத்து மூலையிலிருந்து, கல்யாண வீட்டில் விடைபெறுகிறவன் மாதிரி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு நடப்பான். ரெஃப்ரியிடமே போய், “சார், டைம் என்ன சார்?” என்று கேட்டு அதிலும் கொஞ்ச நேரம் கழிப்பான். கோலி பந்தை எட்டு விநாடிக்கு மேல் பிடித்து வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025இல் விதி கொண்டுவந்தார்கள். நல்ல விதி. ஆனால் எங்களிடம் இருப்பது ஒரே பந்து. அது கருவேலங்காட்டுக்குள் போனால், எடுக்கப் போகிற பையன் எங்கள் ஊர்க்காரன். நாங்கள் பின்தங்கியிருந்தால் ஓடிப்போய் எடுத்து வருவான். முன்னிலையில் இருந்தால் முதலில் காலில் முள் எடுப்பான். முள்ளுக்கு எத்தனை விநாடி என்று விதி இன்னும் வரவில்லை.

இத்தனை பேசும் நாங்களே ஒருமுறை பென்னாகரம் பக்கம் ஓர் ஊரில் ஏமாந்தோம். போய் இறங்கியதும், “வாங்க தம்பி, சாப்பிட்டுட்டு ஆடலாம்” என்று பந்தி போட்டார்கள். ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. களி உருண்டை தேங்காயளவு. மறுக்க மறுக்க, பெரியவர் ஒருவர் பாசத்தோடு இன்னொன்றும் வைத்தார். முதல் பாதியில் எங்கள் நெட்டையன் தரையைவிட்டு எழும்பவே இல்லை. 1988இல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வாங்கிய விம்பிள்டன், தூக்கி அடிப்பதிலும் அழும்பு பண்ணுவதிலும் பேர்போன அணி. எதிரணியை மிரட்டப் பக்கத்து அறையில் பாட்டை அலறவிடுவார்களாம். பாவம், களி தெரியாதவர்கள்.

ஏரி இந்த வருஷமும் வற்றத் தொடங்கிவிட்டது. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து கோலுக்குப் பின்னால் பைக்கை நிறுத்த வேண்டாம். ஆட வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வாருங்கள்.