சைக்கிள் இருக்கு, சீட்டைக் காணோம்

சென்னையில், நிறுத்திய இடத்திலேயே சைக்கிள் நின்றும் ஏறிப்போக முடியாமல் தவித்தவர்களின் கேள்விகள் இந்த வாரம்.

● ஸ்டேஷன் வாசலில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் சைக்கிள் இருக்கிறது, சீட் இல்லை. திருடுகிறவன் முழுசாகத் திருட வேண்டியதுதானே?
– வாசகர், பெரம்பூர்

முழு சைக்கிளுக்கு நம்பர் உண்டு, சீட்டுக்குக் கிடையாது. பெடல் அச்சுக்கு அடியிலோ, சீட் குழாயின் மேல்பக்கமோ ஃபிரேமில் எண் அடித்திருப்பார்கள். அதைக் காட்டி ‘இது என் வண்டி’ என்று நிரூபிக்கலாம். சீட்டை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? பூட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பவனை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சீட்டைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பவனை யாரும் பார்ப்பதில்லை.

கியர் சைக்கிள் என்றால் வேலை இன்னும் சுலபம். சீட்டுக்கு அடியில் குவிக் ரிலீஸ் என்று ஒரு லீவர் இருக்கும். ஸ்பேனரே வேண்டாம், லீவரைத் தள்ளி இழுத்தால் கையோடு வந்துவிடும். பந்தயத்தில் சக்கரத்தைச் சட்டென்று கழற்றி மாட்ட, இத்தாலியின் துல்லியோ கம்பக்னோலோ 1930 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு அது. பிற்பாடு சீட்டுக்கும் வந்தது. வண்டியை விட்டு நகராத பந்தய வீரருக்கு அது வரம். நாள் முழுக்க ஸ்டேஷன் வாசலில் வண்டியை விட்டுப் போகிறவருக்கு அதைப் பொருத்தி விற்கவே கூடாது என்பது என் கட்சி.

● சரி, அடுத்து வாங்கப்போகிற சீட்டையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.
– வாசகி, குரோம்பேட்டை

இரண்டு வழி இருக்கிறது. இரண்டையும் செய்யுங்கள்.

முதலில் அந்த லீவரைக் கழற்றிவிட்டு ஆலன் போல்ட் போடச் சொல்லுங்கள். ஆலன் கீ எவனிடமும் இருக்குமே என்பீர்கள். இருக்கட்டும். போல்ட் தலையில் உள்ள அறுகோணக் குழிக்குள் சரியாக உட்காரும் பேரிங் பால்ஸ் ஒன்றை வைத்து, மேலே மெழுகை உருக்கி ஊற்றிவிடுங்கள். கீ உள்ளே இறங்காது. உங்களுக்குத் தேவைப்படும்போது வீட்டில் உட்கார்ந்து ஊசியால் மெழுகைச் சுரண்டி பால்ஸை எடுத்துக்கொள்ளலாம். தெருவில் நிற்கும் திருடனுக்கு அந்த அவகாசம் கிடையாது.

அடுத்தது பழைய செயின். சைக்கிள் கடையில் தேய்ந்துபோன செயின் கிடக்கும். முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். பஞ்சர் ஒட்டி ஒட்டிச் சலித்துப்போன டியூபில் அதே நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, செயினை அதற்குள் நுழையுங்கள். சீட்டின் அடியில் நீளவாக்கில் ஓடும் கம்பியையும் ஃபிரேமின் பின்கம்பியையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினால், இரண்டு முனைகளையும் கடைக்காரர் பின் அடித்து இணைத்துவிடுவார். கட்டிங் பிளேயருக்கெல்லாம் அது மசியாது. மேலே டியூப் இருப்பதால் பெயின்ட் உரசாது, சத்தமும் வராது. இதைவிட நல்ல சீட் பூட்டை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

● சீட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போய்விட்டால்?
– வாசகர், மடிப்பாக்கம்

தாராளமாக. ஆனால் திறந்து கிடக்கும் குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவரை இறுக்கிக் கட்டிவிட்டுப் போங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் நேரே பெடல் அச்சுக்குத்தான் இறங்கும். சீட் தப்பித்து பேரிங் போய்விடும்.

● என் சைக்கிளின் இடது பெடலை யாரோ கழற்றப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறார்கள். மரை கெட்டுவிட்டது. இது என்ன அரைகுறைத் திருட்டு?
– மாணவர், கிண்டி

தொழில் தெரியாதவன் கைவரிசை. வலது பெடலின் மரை வழக்கமான மரை. இடது பெடலுக்கு மரை தலைகீழ். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் வழக்கமான பக்கம் ஸ்பேனரைத் திருப்பினால் பெடல் கழலாது, மேலும் இறுகும். அதற்குமேல் பலம் போட்டால் அலுமினியக் கிராங்கின் மரை கிழிந்துவிடும். அவனுக்கு லாபமில்லை, உங்களுக்கு கிராங்கே போச்சு. அந்தப் பெடலோடு ஓட்டாதீர்கள். ஏறி மிதிக்கும்போது பிய்த்துக்கொண்டால் விழுவது நடுரோட்டில்.

● எங்கள் காலத்தில் டைனமோதான் திருடு போகும்.
– வாசகர், திருவல்லிக்கேணி

இப்போது எல்.இ.டி. விளக்கு போகிறது. ஸ்ட்ராப்பை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் வசதி உங்கள் டைனமோவுக்கு இல்லை, இதற்கு உண்டு. மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கில்லாமல் இருட்டில் வீடு திரும்புவது திருட்டைவிட ஆபத்து.

● நான் வீட்டு வேலைக்குப் போகும் அபார்ட்மென்ட்டில், இடம் மாற்றி நிறுத்தினேன் என்று வாட்ச்மேன் காற்றைப் பிடுங்கிவிட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டா?
– வாசகி, கோட்டூர்புரம்

கிடையாது. வாட்ச்மேனுக்கும் இல்லை, அவருக்கு உத்தரவு போட்ட செக்ரட்டரிக்கும் இல்லை. அடுத்தவர் பொருளின் பயன்பாட்டைக் கெடுப்பதும் குற்றம்தான் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு.

நம்மூர் சாதா சைக்கிளின் வால்வு அமைப்பு இந்தக் கொடுமைக்கு வசதியாக இருக்கிறது. மேல் நட்டைத் திருகினால் வால்வு கையில் வந்துவிடும். காற்றும் போச்சு, உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வால்டியூபும் போச்சு. வால்டியூபின் விலை சில ரூபாய்தான். ஆனால் காற்றில்லாத சக்கரத்தில் ஏறி ஓட்டினால் டியூப் மடங்கிக் கிழியும், ரிம் நெளியும். அதனால் உருட்டிக்கொண்டேதான் போக வேண்டும். காலையிலிருந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவரை, ஐந்தாவது வீட்டுக்கு வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வைப்பதுதான் இந்தத் தண்டனை. அதே வளாகத்தில் கோடு தாண்டி நிற்கும் காரின் டயரில் யாராவது கைவைப்பார்களா?

வாட்ச்மேனோடு சண்டை வேண்டாம். பல இடங்களில் அவரும் சைக்கிளில் வருகிறவர்தான். நீங்கள் வேலை செய்யும் வீட்டுக்காரரை அசோசியேஷனுக்கு எழுதச் சொல்லுங்கள்: வேலைக்கு வருகிறவர்களின் சைக்கிளுக்கு நிழலில் ஓர் இடம் வேண்டும் என்று. அதைக்கூட எழுதித் தராத வீட்டுக்காரரிடம் நானே பேசத் தயார்.

● மகள் பிளஸ் ஒன். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். ஸ்டாண்டில் நிற்கும்போது யாரோ பிரேக் ஒயரைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். பசங்க விளையாட்டு என்கிறார்கள்.
– வாசகர், மாதவரம்

இது விளையாட்டில்லை. சீட் போனால் பார்த்த உடனே தெரியும். பிரேக் போனது, எதிரே தண்ணீர் லாரி வரும்போதுதான் தெரியும்.

தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். யார் செய்தது என்று தேடி ஒரு பையனை அடித்து முடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பிரேயரில் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒயர் கழன்றால் என்ன ஆகும் என்று எல்லாரும் பார்க்கக் காட்டச் சொல்லுங்கள். தெரியாமல் செய்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

மகளுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுங்கள். ஏறுவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரம் சுற்றக் கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கி டயரை மேலிருந்து ஒரு தட்டு தட்ட வேண்டும். அச்சு நட்டைத் தளர்த்தியிருந்தால் சக்கரம் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு டயரை விரலால் அழுத்தி, செயினை ஒரு பார்வை. ஒரு நிமிஷம்கூட ஆகாது. பெல் அடிக்கத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

● காசு வாங்கி டோக்கன் கொடுக்கும் ஸ்டாண்டிலேயே பெடல் போய்விட்டது. ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற போர்டைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், ஆவடி

போர்டு எழுதிவிட்டால் பொறுப்பு போய்விடாது. நம்மிடம் ஒப்படைத்த பொருளை நம் சொந்தப் பொருள் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151ஆம் பிரிவில் சொல்கிறது. டெல்லியில் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போன வழக்கில், ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று சீட்டில் அச்சடித்துவிட்டதால் மட்டும் தன் அலட்சியத்துக்கு ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. அது காரும் சாவியும் சம்பந்தப்பட்ட வழக்கு. உங்கள் டோக்கனுக்கு அப்படியே பொருந்துமா என்று ஸ்டாண்டுக்காரர் வாதாடலாம். வாதாடட்டும். டோக்கனைத் திருப்பிக் கொடுக்கும் முன் படம் எடுத்துக்கொண்டு, முதலில் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இந்த மாதிரிச் சின்னத் தொகைக்கு அங்கே மனுக்கட்டணம் கிடையாது.

● ஒரு சீட்டுக்குப் போய் போலீஸில் புகாரா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
– வாசகர், அண்ணாநகர்

உங்களுக்குச் சுண்டைக்காய். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. சைக்கிளில்லாமல் போன மறுநாள் கூலியையும் சேர்த்தால் இரண்டு நாள்.

பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை குற்றவாளியானவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஸ்டேஷனில் உங்கள் சீட்டுக்காக ஜீப் கிளம்பாது, உண்மைதான். இருந்தாலும் புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஒரே ஸ்டாண்டிலிருந்து பத்து ரசீது சேர்ந்தால் அது பத்து சீட்டு இல்லை, ஒரு கும்பல்.

● காயலான் கடையில் பாதி விலைக்கு நல்ல சீட் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

அது பெரம்பூர் வாசகருடையதாக இருக்கலாம்.

இந்த விஷயத்தில் நான் திருடனைவிட வாங்குகிறவர்மேல்தான் அதிகம் கோபப்படுகிறேன். வாங்க ஆளில்லாவிட்டால் கழற்றிய சீட்டை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் அதே சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு உங்கள் பக்கம் திரும்பும். பழைய பாகம் வாங்குவதே தப்பென்று சொல்லவில்லை. ஓட்டி ஓய்ந்த வண்டியைப் பிரித்து விற்கும் சைக்கிள் கடைக்காரர்கள் எத்தனையோ பேர் நேர்மையாகத் தொழில் செய்கிறார்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள், கைச்சீட்டு கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் தருவார்.

● எதில் கட்டிப் பூட்டுவது? மரமா, கரன்ட் கம்பமா?
– மாணவி, தாம்பரம்

கரன்ட் கம்பம் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் அதைத் தொட்டு உயிர் போன கதைகள் இந்த ஊரில் உண்டு. போக்குவரத்துப் பலகைக் கம்பம் என்றால் அண்ணாந்து உயரத்தைப் பாருங்கள். குட்டையாக இருந்தால் பூட்டோடு மேலே தூக்கி உருவிவிடுவார்கள். பின்சக்கரத்தில் வளையப் பூட்டு மட்டும் போடுவது உருட்டிப் போவதைத்தான் தடுக்கும், தூக்கிப் போவதைத் தடுக்காது. கனமான யு-பூட்டு ஒன்றுதான் இருக்கிறதென்றால், ஃபிரேமின் பின்முக்கோணத்துக்குள் வரும் இடத்தில் பின்சக்கரத்தையும் கம்பத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். சக்கரம் அந்த முக்கோணத்தை விட்டு வெளியே வராது, அதனால் ஃபிரேமும் தப்பிக்கும். அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பரப்பிய முறை இது. முன்சக்கரத்துக்குத் தனியாக ஒரு கேபிள்.

● எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொண்டால் மாநகராட்சி எதற்கு?
– வாசகர், மயிலாப்பூர்

நியாயமான கேள்வி. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் என்று 2014இல் கொள்கை வகுத்த மாநகராட்சி சென்னையுடையது. இந்தியாவிலேயே முதலில் இப்படி ஒரு கொள்கை கொண்டுவந்த பெருமையும் அதற்குத்தான். அந்தப் பணத்தில் நான் கேட்பது, தலைகீழ் ‘ப’ வடிவத்தில் வளைத்து கான்கிரீட்டில் இறக்கிய இரும்புக் குழாய். ஒன்றில் இரண்டு பக்கமும் இரண்டு சைக்கிளை ஃபிரேமோடு பூட்டலாம். இப்போது பல இடங்களில் இருப்பது முன்சக்கரத்தைச் செருகும் கம்பி வரிசை. அதில் பூட்டினால் சக்கரம் மிஞ்சும், சைக்கிள் போய்விடும். வைக்கிற இடமும் முக்கியம். கட்டடத்துக்குப் பின்னால், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வேண்டாம். டீக்கடைக்கு எதிரே, பூக்காரம்மா கண் படுகிற இடத்தில் வையுங்கள். வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதும்போது எந்தத் தெருமுனை என்று சேர்த்து எழுதுங்கள், ஐயா.

● சைக்கிளில் பேர் எழுதி வைத்தால் திருட்டு குறையுமா?
– மாணவர், கொளத்தூர்

மேலே எழுதினால் சுரண்டிவிடுவார்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக்கில் சுருட்டி, கைப்பிடி ரப்பரைக் கழற்றி ஹேண்டில்பார் குழாய்க்குள் தள்ளிவிடு. வண்டி எங்கேயாவது பிடிபட்டால் போலீஸ்காரர் முன்னாலேயே அதை உருவிக் காட்டலாம். அப்படியே வண்டியைக் கவிழ்த்துப் போட்டு ஃபிரேம் நம்பரைப் படம் எடுத்து, அப்பா போனுக்கும் அனுப்பிவிடு.