முள் ஆடாத பீட்டில்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் டாஷ்போர்டில் கழற்ற அதிகம் இல்லை. ஒரே ஒரு வட்ட ஸ்பீடோமீட்டர்தான். 1961 வரை பெட்ரோல் முள்கூடக் கிடையாது. வண்டி விக்கினால் ரிசர்வ் குழாயைக் காலால் திருப்ப வேண்டும். மீட்டரைக் கழற்ற, முதலில் பேட்டரி இணைப்பைப் பிரிக்க வேண்டும். அது பின்சீட்டுக்கு அடியில் பதுங்கியிருக்கிறது. எஞ்சினும் பின்னால் என்பதால், முன்மூடியைத் திறந்து அட்டை மறைப்பை விலக்கினால் மீட்டரின் முதுகு தெரியும். கேபிள் திருகு கையாலேயே கழலும், துரு அனுமதித்தால். பல்புகளை ஹோல்டரோடு உருவி, ஒயர்களுக்குச் சீட்டு ஒட்டி, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் மீட்டர் கைக்கு வரும். சீட்டு ஒட்டாத சூரர்களுக்கு, இண்டிகேட்டர் போட்டால் ஹைபீம் விளக்கு கண்ணடிக்கும்.

இத்தனையும் பெரும்பாலும் முள் ஆடாததற்காக. கேபிளின் மறுமுனையோ இடது முன்சக்கரத்தின் கிரீஸ் மூடியில், நகக்கண் அளவுப் பின் ஒன்றில் தொங்குகிறது. அது விழுந்துபோனது, மீட்டரைத் திரும்ப மாட்டிய பிறகே கண்ணில் படும்.