தாத்தா போட்ட அஞ்சு மார்க்கு

வா தாயி, திண்ணையில உக்காரு. ஹெல்த் கம்யூனிகேஷன்ல பிஎச்.டி. பண்ணுதியே, அது என்ன படிப்புன்னு நேத்து உங்க ஆச்சி கேட்டா. "டாக்டர் பேசுதது நோயாளிக்கு வெளங்கணும், நோயாளி பேசுதது டாக்டர் காதுல ஏறணும், அதுக்குப் படிப்பு"ன்னேன். "அப்போ காது குத்துத படிப்பா?"ன்னுட்டா.

கூடவே ஒருங்கிணைந்த மருத்துவம் வேற. பாளையங்கோட்டையில பெரியாஸ்பத்திரியும் இருக்கு, 1964-லேருந்து சித்தா காலேஜும் இருக்கு. இங்கயும் அங்கயும் நடக்க நோயாளிதான் ரெண்டுக்கும் தூது. அந்தத் தூதன் வாயத் தொறக்க மாட்டான், அதான் கோளாறு.

1993-ல ஐசன்பர்க்னு ஒரு அமெரிக்க டாக்டர் அச்சுல போட்ட கணக்க நீதான வாசிச்சுக் காட்டுன? மூணுல ஒருத்தன் வேற வைத்தியமும் பாக்கானாம். அவங்கள்ல 100-க்கு 72 பேரு அத டாக்டர்கிட்ட சொல்லவே இல்லையாம். இதுக்கு 1,539 பேருக்கு போன் போடணுமா? என் மடியத் தடவியிருந்தா சிறுகுறிஞ்சான் பொடிப் பொட்டலம் கெடச்சிருக்கும்.

ஏன் சொல்லலங்கே? 1984-ல பெக்மன், பிராங்கல்னு ரெண்டு பேரு டாக்டர் ரூம்ல டேப் ஓடவிட்டுப் பாத்திருக்காவ. நோயாளி பேச ஆரம்பிச்சா சராசரியா 18 செகண்டுல டாக்டர் குறுக்க விழுந்திருக்காரு. அமெரிக்காக்காரன் குடுத்து வச்சவன். நான் செருப்பக் கழத்தி, வேட்டிய ஒதுக்கி, "அய்யா"ங்கதுக்குள்ளயே 18 செகண்டு ஓடிரும்.

நீ மட்டும் என்ன? "மூலிகை மருந்து பற்றி என் மருத்துவரிடம் தயக்கமின்றிப் பேசுவேன். 1 முதல் 5-க்குள்ள எத்தன தாத்தா?"ன்னு தாள நீட்டுன. 5 போட்டேன். பேத்தி காசு குடுத்து அடிச்ச தாளு, கொறச்சுப் போட மனசு வருமா? அடுத்த வீட்டுக் கெழவனும் 5தான். முழு மார்க்கு போட்டா நீ பாஸாயிருவேன்னு நெனச்சான். அதத்தான் நீ கூட்டி வகுத்துப் பேப்பர் போடப் போற, அந்தப் பேப்பர எண்ணித்தான் உனக்கு வாத்தியார் வேலை குடுப்பாவளாம். நடக்கட்டும்.

சித்தம் நம்ம சொத்துன்னு கண்ண மூடிக்கிட்டும் எழுதிராத. எட்டிக்காயும் இயற்கைதான். டெங்கு வந்தப்ப நெலவேம்பு, 2020-ல கொரோனா வந்தப்ப கபசுரம்னு தெருவுல அண்டா வச்சு ஊத்துனாவ. அண்டா ஒண்ணுதான், சேதிதான் ஆளுக்கொண்ணு. "எதிர்ப்பு சக்திக்கு"ன்னாரு ஒருத்தரு. "வந்ததே ஓடிரும்"னாரு பக்கத்துல நின்னவரு. வாங்கிக் குடிச்சவன் காதுல எது விழுந்துச்சுன்னு தேடு, அது உருப்படியான சோலி.

போன மாசம் சுகர் எறங்கி இதே திண்ணையில சாஞ்சேனே, மாத்திரையும் பொடியும் கூட்டுச் சேந்து பாத்த வேலைன்னு எனக்குத் தெரியும். டாக்டர் நல்ல மனுசன். "வேற எதும் சாப்பிடுதீங்களா?"ன்னு கேக்கத்தான் செஞ்சாரு. "சோறு"ன்னேன்.

செவ்வாக்கெழம மறுபடியும் போகணும். நீயும் கூட வா. பொட்டலத்த உன் பையில போட்டுக்க. நான் எடுத்துக் காட்ட மாட்டேன், நீயே காட்டிரு.