நாலு பேர் கை

அந்த போர்ட்டரை முதலில் புகழ்ந்துவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சிவப்புச் சட்டை, தோளில் துண்டு, கையில் வில்லை. ரயில் நிலையத்தில் என் அக்காவின் வீல்சேரை முதல் நடைமேடையிலிருந்து நான்காவது நடைமேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர்தான். மேம்பாலத்தில் ஏற நாற்பதுக்கும் மேல் படி. அதனால் நடைமேடையின் கோடிவரை போய், பார்சல் வண்டி இறங்கும் சரிவில் இறங்கி, தண்டவாளங்களைக் குறுக்காகக் கடந்து, எதிர்ச் சரிவில் ஏறவேண்டும்.

தண்டவாளத்தை நெருங்கியதும் அவர் வண்டியைத் திருப்பிவிடுவார். வீல்சேரின் முன்சக்கரங்கள் சின்னவை. ரயில் சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்காகத் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். அந்தச் சின்னச் சக்கரம் அதில் அளவெடுத்ததுபோல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை அப்படி மாட்டியபோது குனிந்து வெறுங்கையால் பிடுங்கி எடுத்தார். அன்றிலிருந்து வண்டியைப் பின்பக்கமாகச் சாய்த்து, முன்சக்கரங்கள் காற்றில் நிற்க, பெரிய சக்கரங்கள் மட்டும் தரையில் உருள, தான் பின்னோக்கி நடந்து இழுத்துச் செல்கிறார். ஒவ்வொரு ஜோடித் தண்டவாளத்துக்கும் முன்னால் நின்று இரு பக்கமும் பார்க்கிறார். "சாஞ்சுக்கம்மா, பயப்படாதே, நான் பிடிச்சிருக்கேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். அக்கா எத்தனையோ தடவை அவரோடு கடந்துவிட்டாள். ஆனாலும் சொல்லாமல் இழுத்ததில்லை.

இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சி வகுப்பு கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஒரு மனிதர் தன் முதுகெலும்பையும் தன் நிதானத்தையும் வைத்து, ஒரு நிலையம் செய்யவேண்டிய வேலையை முழுவதுமாகத் தானே செய்கிறார். கூலி வாங்கிக்கொள்கிறார். வாங்கத்தான் வேண்டும், அது உழைப்பு. கூலிக்கு மேல் அவர் தரும் அந்த 'பயப்படாதே' இருக்கிறதே, அதற்கு விலை போட முடியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாமெல்லாம் தண்டவாளத்தைக் கடந்தால் குற்றம். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 147ஆவது பிரிவு, ஆறு மாதம்வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம். கடக்காதீர்கள், மேம்பாலத்தைப் பயன்படுத்துங்கள் என்று ஒலிபெருக்கியில் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். சரியான அறிவுரை. மற்ற எல்லோரையும் எந்த ஆபத்திலிருந்து விலக்கி வைக்கிறார்களோ, அதுதான் இங்கே வீல்சேரில் வருகிறவருக்கு இருக்கும் ஒரே வழி.

அடுத்துப் புகழவேண்டியவர்கள் மின்சார ரயிலில் வரும் பையன்கள். நம் நடைமேடைகள் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம். பெட்டியின் தளம் அதைவிட ஏறத்தாழ ஓர் அடி மேலே. இடையில் காலே நுழையும் அளவுக்கு ஒரு சந்து. வண்டி நிற்பது அரை நிமிடம். இந்த அரை நிமிடத்துக்குள் யாரும் கூப்பிடாமலே நாலு பேர் இறங்கிவிடுகிறார்கள். ஒருவன் தன் பையை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வருகிறான். ஒருவன் வாசலில் நின்று கார்டைப் பார்த்துக் கையசைக்கிறான். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கூச்சத்தோடு நிற்பவர்களுக்கு அக்காவே சொல்லிக்கொடுப்பாள். "கை வைக்கிற இடத்தைப் பிடிக்காதீங்க தம்பி, கழண்டு வந்துடும். கீழே சட்டத்தைப் பிடிங்க, சட்டத்தை."

தூக்கி வைத்துவிட்டு, ஒரு நன்றிக்குக்கூட நிற்காமல் கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். சென்னையை ஈரமில்லாத ஊர் என்று சொல்பவர்கள், ஒருநாள் காலை எட்டரை மணிக்கு அந்தப் பெட்டி வாசலில் வந்து நிற்கட்டும். நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். இந்த ஊர் ஒருநாள்கூட அக்காவை நடைமேடையில் விட்டுவிட்டுப் போனதில்லை.

அக்காவையும் எல்லோரும் புகழ்கிறார்கள். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, பிறருக்கு எடுத்துக்காட்டு. எல்லாம் உண்மைதான். மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போன பிறகு பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி வேலைக்குப் போனவள். ஆனால் அந்தத் தன்னம்பிக்கை எப்படித் தயாராகிறது என்பதை வீட்டில் இருப்பவன் பார்க்கிறேன். ரயிலில் போகவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு எட்டு மணிக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் வீல்சேர் நுழையும் கழிப்பறை இருக்கும் என்று நம்ப முடியாது. சித்திரை வெயிலிலும் அப்படித்தான். புடவையை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. தூக்கும்போது விலகும் என்று சுடிதாருக்கு மாறினாள், துப்பட்டாவின் இரு முனைகளையும் ஊக்குப் போட்டுக் குத்திக்கொள்வாள். எவ்வளவு நல்ல மனதோடு தூக்கினாலும் தூக்குகிற கைகள் அந்நியக் கைகள்தான். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசமாட்டாள்.

ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "செத்த பிறகு நாலு பேர் தூக்கினா போதும்டா. அதுவரைக்கும் நானே போகணும்."

அதற்குப் பிறகு தன்னம்பிக்கை என்ற சொல்லை நான் அவளிடம் பயன்படுத்துவதில்லை.

நம் சட்டங்களையும் புகழவேண்டும். 1995லேயே நாடாளுமன்றம் ஊனமுற்றோருக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அதே 1995ல்தான் சென்னையில் பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை ஓடத் தொடங்கியது. 1997ல் மயிலாப்பூருக்கு வந்தது, 2007ல் வேளச்சேரிக்கு. தூண்கள்மேல் ஓடும் ரயில். மாடி ஏறித்தான் பிடிக்கவேண்டும். அப்படிப்பட்ட நிலையத்தில் லிப்ட் ஓடாத நாள், வீல்சேரில் வருகிறவருக்கு நிலையம் மூடியிருக்கும் நாள். தமிழக அரசு 2010ல் ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளி என்ற சொல்லுக்கு மாறியது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஊரே நொண்டி என்று கூப்பிட்ட ஒரு பெண்ணின் தம்பி நான். சொல் மாறியது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் இன்னும் துல்லியமானது. பொதுக் கட்டடம் எது என்று விளக்கும் இடத்தில் ரயில் நிலையம், நடைமேடை என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ஏற்கனவே கட்டிய கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்றவேண்டும் என்கிறது 45ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஐந்து ஆண்டு 2022 ஜூனில் முடிந்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி 2005ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று ஒரு தீர்ப்பு வந்தது. கட்டாயமாக்கச் சட்டம் சொன்னதை விதிகள் வெறும் பரிந்துரையாக இறக்கிவிட்டன, அது செல்லாது, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுத்துத் தாருங்கள் என்றது நீதிமன்றம். அவ்வளவு வருடம் வழக்கை விடாமல் நடத்தியவரையும், பிழை எங்கே என்று விரல் வைத்துக் காட்டிய நீதிபதிகளையும் கைகூப்பி வணங்குகிறேன். தூக்கும்போது சட்டத்தைப் பிடியுங்கள் என்று அக்கா சொல்வதும் சரிதான். கையில் பிடிக்க உறுதியாக இருப்பது அது ஒன்றுதான்.

நாங்கள் அடிக்கடி போகும் நிலையத்தில் ஒரு வீல்சேர் இருக்கிறது. கேட்டால் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்வார்கள். அக்காவின் வண்டி ஒருமுறை பழுதுபார்க்கப் போயிருந்தபோது, அவளை ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு அதை வாங்கப் போனேன். அது ஓர் அறைக்குள் இருந்தது. அறையின் சாவி வைத்திருந்தவர் வேலை முடித்துப் போயிருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தேன். இருக்கையின்மேல் போட்டு வந்த பிளாஸ்டிக் உறை கிழிபடவே இல்லை. டயர்களில் தூசி தவிர ஒரு கீறல் இல்லை. எனக்கு ஔவையார் ஞாபகம்தான் வந்தது. அதியமானுக்காகத் தூது போன இடத்தில் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். உன் வேல்கள் மாலை சூட்டி நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன, அவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் அவர். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் வீட்டு வண்டியின் டயர் அன்று தேய்ந்து, கம்பி உடைந்து, மெக்கானிக் கடையில் கிடந்தது.

மெட்ரோவைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயம் ஆகாது. 2015ல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு முதல் வண்டி ஓடியபோது அக்காவும் நானும் போய்வந்தோம். லிப்டில் ஏறினாள். வண்டி வந்தது. நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டம். தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், வீல்சேருக்கென்று விட்டிருந்த இடத்தில் நின்றாள், திரும்பி என்னைப் பார்த்தாள். நாற்பது வயதுப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாருக்கும் நன்றி சொல்லவேண்டிய தேவை இல்லாமல் அவள் செய்த முதல் ரயில் பயணம் அது.

பணம் இல்லை, தொழில்நுட்பம் இல்லை, பழைய கட்டடம் என்றெல்லாம் இனி யாரும் சொல்ல முடியாதபடி மெட்ரோ ஒரு சாட்சியாக நிற்கிறது. இதே ஊர், இதே மண், இதே பொறியாளர்கள். 1972ல் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஓடத் தொடங்கிய 'பார்ட்' ரயிலின் நிலையங்களில் லிப்ட் இருக்கிறதென்றால், அதற்கு ஹரால்டு வில்சன் என்ற மனிதரின் பிடிவாதம் முக்கியக் காரணம். இளம் வயதில் நிலக்கரிச் சுரங்க விபத்தில் நடையை இழந்தவர். நிலையங்கள் வரைபடத்தில் இருந்தபோதே போய்க் கேட்டார். வரைபடத்தில் ஒரு கோடு போடுவதும், கட்டி முடித்த பிறகு கான்கிரீட்டை உடைப்பதும் ஒன்றல்ல. ஓர் அடி ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்ற கணக்கு தெரிந்தவர்கள் முதல் நாளே அந்த 12 அடியை ஒதுக்கிவிடுகிறார்கள். தெரியாதவர்கள் அந்த இடத்தில் ஒரு டீக்கடை வந்த பிறகு இடம் இல்லை என்கிறார்கள்.

மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால் என்ன ஆகிறது என்பதை நீட்டி எழுதவேண்டியதில்லை. நடைபாதையில் டிரான்ஸ்பார்மர், அதையொட்டி நிறுத்திய பைக்குகள், ஒரு முழ உயரக் கல். அங்கேயும் யாராவது ஓடிவந்து தூக்குகிறார்கள்.

அந்த போர்ட்டருக்கு இப்போது இடுப்பு வலி. போன மாதம் இரண்டாவது ஜோடித் தண்டவாளத்தைத் தாண்டியதும் நின்று மூச்சு வாங்கினார். அக்கா திரும்பிப் பார்த்து, "முடியலைன்னா விடுங்கண்ணே, வேற யாரையாவது பார்க்கலாம்" என்றாள். வேறு யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "பையன் இந்த வேலைக்கு வரமாட்டேங்கிறான்மா. நானும் இன்னும் ரெண்டு வருஷம்தான்" என்றார். பிறகு வண்டியைச் சாய்த்து, மூன்றாவது ஜோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்த நிலையத்தில் அவருக்குப் பிறகு இதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.