மாமியாருக்கும் மாத்திரைக்கும் நடுவே

ஆசியாவின் முதல் அணு உலையான ‘அப்ஸரா’ 1956 ஆகஸ்டில் மும்பையின் டிராம்பேயில்தான் இயங்கத் தொடங்கியது. அதே டிராம்பேயில், அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில், தொண்டை கரகரத்தால் தமிழர் வீடுகளில் முதலில் திறக்கப்படுவது இன்றும் அஞ்சறைப்பெட்டிதான். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. டிராம்பேயின் ‘ஐசோமெட்’ ஆலை 1974 முதல் ஊசி, கையுறை, காயத்துக்குக் கட்டும் துணி போன்றவற்றைக் கோபால்ட்-60 கதிர்களைக் காட்டிக் கிருமிநீக்கம் செய்துவருகிறது. கடற்கழிக்கு அந்தப் பக்கம் வாஷியில் 2000-இல் வந்த இன்னொரு ஆலை மசாலாப் பொருட்களுக்கும் ஆயுர்வேத மூலப்பொருட்களுக்கும் இதே உபசாரத்தைச் செய்கிறது. ஆக, ஆஸ்பத்திரிக்கும் அஞ்சறைப்பெட்டிக்கும் சுத்தம் செய்து அனுப்புவது ஒரே கோபால்ட்தான். சண்டை எல்லாம் வீட்டு வாசற்படி தாண்டிய பிறகு.

அப்படி ஒரு வீடு. வீட்டுக்காரர் கருவிப் பிரிவில் டெக்னீஷியன். வேலையிடத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு வால்வைத் தொடமாட்டார். ஐம்பதை எட்டும் முன்பே பிரஷர் எட்டிப் பார்த்தது. செம்பூரில் ஒரு டாக்டர் எனலாப்ரில் எழுதிக்கொடுத்தார். மறுநாளே டெக்னீஷியன் ஒரு நோட்டுக்குக் கோடு போட்டு, தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், ‘குறிப்பு’ என்று பத்தி பிரித்துவிட்டார். குறிப்புப் பத்தியில் முதல் பதிவு: “அளக்கும்போது டிவியில் கிரிக்கெட்.”

இரண்டாம் வாரம் இருமல் வந்தது. சளி இல்லாத வறட்டு இருமல். இரவில் வந்து உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்து போகாது.

அந்த நேரம் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து மாமியாரும் வந்து இறங்கினார். அவருடைய பையில் சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, வசம்பு, அதிமதுரம் எல்லாம் பழைய தினக்காலண்டர் தாளில் மடித்து, நூல் சுற்றிய பொட்டலங்களாக இருந்தன. எதிலும் பெயர் கிடையாது. மோந்து பார்த்தே எடுப்பார். “மாப்ளே, இந்த அதிமதுரத்த வாயில அடக்கிக்கோங்க. இருமல் நின்ன இடம் தெரியாது.”

மாப்பிள்ளை அடக்கிக்கொண்டார். இனித்தது. காலையில் ஒரு துண்டு, ஆபீஸ் பஸ்ஸில் ஒரு துண்டு, ராத்திரி பொடியாகத் தேனில் குழைத்து. நோட்டில் மேல் எண் மட்டும் மெல்ல நகர்ந்தது: 148, 154, 160. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இருமல் நின்றபாடில்லை. மாமியார் அதிமதுரத்தைக் கூட்டினார். டாக்டர் மறுபடியும் மாத்திரையைக் கூட்டினார்.

இந்தச் சுற்றுக்குள் இருக்கும் விஞ்ஞானம் எளிது. எனலாப்ரில் வகை மாத்திரைகள், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தைப் பார்த்துப் படித்த பாடம். அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான கேப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரஷரை நன்றாகவே இறக்கும். ஆனால் உடலில் பிராடிகைனின் என்ற பொருளைத் தேங்கவிடுவதால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின், உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். நாள் கணக்கில், அளவு மீறிச் சாப்பிட்டால் பிரஷர் ஏறும். மாத்திரை இருமலைக் கொடுத்தது, இருமல் அதிமதுரத்தைக் கொண்டுவந்தது, அதிமதுரம் பிரஷரை ஏற்றியது, பிரஷர் மாத்திரையைக் கூட்டியது.

“மாத்திரை தவிர வேற ஏதாவது எடுத்துக்கிறீங்களா?” என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்கத்தான் செய்தார். “இல்ல டாக்டர்” என்று இவர் ஒவ்வொரு தடவையும் நெஞ்சாரச் சொன்னார். பொய் இல்லை. அவர் கணக்கில் மருந்து என்றால் அட்டையில் வரும்; பிதுக்கினால் டப்பென்று வெளியே விழும். காலண்டர் தாளில் வருவது மாமியாரின் பாசம். மாமியாரிடம் பிரஷர் விஷயத்தை மூச்சுவிடவில்லை என்பது தனிக்கதை. சொன்னால் மறுநாள் பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். ஆக, வைத்தியம் பார்த்த இரண்டு பேருக்கும் நோயாளியைப் பற்றிப் பாதிதான் தெரியும்.

இலையும் மாத்திரையும் ஜென்மப் பகையாளிகள் என்று நினைப்பவர்கள் இதே மும்பையின் பழைய கதை ஒன்றைக் கேட்கவேண்டும். ருஸ்தம் ஜல் வகில் என்ற பார்சி இதய மருத்துவர், நாட்டு வைத்தியர்கள் கையாண்டுவந்த சர்ப்பகந்தி வேரைப் பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்துக் கவனித்து, 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிஸ் நாட்டு சீபா கம்பெனிக்காரர்கள் அந்த வேரிலிருந்து ரிஸர்பினைப் பிரித்தெடுத்தார்கள். வகிலுக்கு 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது. வேர் மாத்திரையானதும் அதன் குணமும் குற்றமும் சேர்ந்தே வெளியே வந்தன: பிரஷர் இறங்கியது, சிலருக்கு மனமும் சோர்ந்து இறங்கியது.

எதிர்ப்பக்கக் கதையும் மும்பையிலேயே இருக்கிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று வீடுவீடாகச் சீந்தில் கொடி கொதித்தது. 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் கல்லீரல் பாதிப்போடு வந்த ஆறு பேர் சீந்தில் சாப்பிட்டவர்கள் என்று மும்பை மருத்துவர்கள் 2021-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு பேரில் ஒருவர் இறந்துபோனார். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது அசல் சீந்தில்தானா, அதைப்போல இருக்கும் வேறு கொடியா என்று பரிசோதித்தீர்களா என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கஷாயம் காய்ச்சுவதற்கு முன்னால் அடுப்பங்கரையில் கேட்க ஆள் இல்லை.

டிராம்பே வீட்டில் முடிச்சை அவிழ்த்தது மனைவி. “ஏங்க, அடுத்த தடவ அம்மாவையும் கூட்டிட்டுப் போவோம். அவங்களுக்கும் முட்டிவலி.” மாமியார் எங்கே போனாலும் பை கூடவே போகும். டாக்டர் மேஜையில் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அதிமதுரத்தை டாக்டர் எடுத்து மோந்தார். மாமியார் அவரை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார்.

“இத யாரு சாப்பிடுறாங்க?”

“மாப்ள தான். இருமலுக்கு. தினம் மூணு வேள.”

அதிமதுரம் பிரஷரை ஏற்றும் என்று டாக்டர் விளக்கினார். டெக்னீஷியன் சுவரில் தொங்கிய இதயப் படத்தை உன்னிப்பாகப் பார்க்கலானார். மாமியார் அவரைப் பார்த்தார். “ஏன் மாப்ளே, பிரஷர்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

அதிமதுரம் நின்றது. எனலாப்ரில் போய், இருமல் அதிகம் வராத டெல்மிசார்ட்டன் வந்தது. சில வாரங்களில் இருமல் ஓய்ந்தது, நோட்டில் எண்களும் இறங்கின. சுக்குமல்லிக் காப்பி மட்டும் அளவோடு தொடரலாம் என்று டாக்டர் உத்தரவு கொடுத்தார். மாமியார் அதைத் தான் டாக்டருக்குக் கொடுத்த சலுகையாகவே எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது மாமியார் கேட்டார்: “டாக்டர், பத்தியம் ஏதும் உண்டா?”

“உப்பக் குறைக்கணும்மா. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல்… எதுவும் வேண்டாம்.”

“அப்படிச் சொல்லுங்க! எங்க ஊர் வைத்தியரும் மொதல்ல உப்பத்தான் நிறுத்துவாரு.”

இரண்டு வைத்தியமும் ஒரே குரலில் பேசியது அப்போதுதான். அன்று ராத்திரி ரசம் சாதத்துக்கு அப்பளம் இல்லை. டெக்னீஷியன் குறிப்புப் பத்தியில் அதையும் பதிவு செய்தார். இப்போது ஹோமியோபதியில் அப்பளம் சாப்பிடலாமா என்று ஆபீஸ் பஸ்ஸில் ரகசியமாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்.