இன்னும் ஒரு பத்தாயிரம்

இரண்டு இலட்சம் ரூபாவுக்குள் பையனுக்கு ஒரு கம்பியூட்டர் பூட்ட வேண்டும் என்று பத்தாயிரத்தாரிடம் போய்ச் சொன்னவர் எவரும், அந்த இரண்டு இலட்சத்தை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியதாக ஹட்டன் நகரில் சரித்திரம் இல்லை. முடியாது என்று அவர் ஒருபோதும் சொல்வதில்லை. அது அவருடைய சுபாவத்துக்கே விரோதம். கேட்டவுடன் கண்களை மூடி, மானசீகமாக எதையோ கூட்டிக் கழித்து, மிகுந்த தயையோடு "தாராளமாப் பூட்டலாம் சேர்" என்று அபயம் அளிப்பார். நாம் மனம் குளிர்ந்து, குடையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க எத்தனிக்கும் அந்த க்ஷணத்தில்தான், "ஆனா இன்னும் ஒரு பத்தாயிரம் போட்டீங்கன்னா…" என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் அந்தரத்தில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியே பிரதான வீதியைப் பார்க்கத் தொடங்குவார். எழுந்தவர் உட்கார்ந்துவிடுவார். பெற்றோர் இட்ட பெயர் தேசிய அடையாள அட்டையில் மாத்திரம் மிஞ்ச, அவர் பத்தாயிரத்தார் ஆனது இவ்விதமே.

முதற் பத்தாயிரம் எப்போதும் கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது. நாம் யாரோ சொல்லக் கேட்டுத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனது ஜி.டி.எக்ஸ். 1650 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் வந்த சாதுவான கார்ட் அது. 75 வோட்டுக்குள் அடங்கி, பெரும்பாலும் தனி வயர் எதுவும் கேளாமல், மதர்போர்டிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை வாங்கிக்கொண்டு ஜீவிப்பது. பையன் விளையாடத் துடிப்பதோ 2015இல் கம்பியூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ. ஐந்து, அதற்கு இந்தக் கார்டே அதிகம். ஆனால் பத்தாயிரத்தார் அந்தக் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது கார்டா சேர்?" என்று, நம்மையல்ல, காகிதத்தையே கேட்பார். பத்தாயிரம் போட்டால் 1660 சுப்பர் வருகிறது. அதற்கு மேல் ஒரு பத்தாயிரம் போட்டால் 3050 வருகிறது. சூரிய வெளிச்சம் தண்ணீரில் பிரதிபலிக்கும் அழகு அதில்தான் தெரியுமாம். இவ்வளவு தூரம் ஏறிய பிறகு, 12 ஜி.பி. மெமரியோடு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் 3060ஐ விட்டுவிட்டு வருவது விவேகமா என்று அவர் கேட்கும்போது, விவேகம் இல்லை என்று நம் வாயே சொல்லிவிடுகிறது.

இந்த 3060 உண்ணுவது 170 வோட். ஆகையால் நாம் உத்தேசித்திருந்த பவர் சப்ளை போதாது. 550 வோட்டில் ஒன்று வேண்டும். அதற்கும் '80 பிளஸ்' என்ற முத்திரை வேண்டும். அந்த முத்திரையிலோ வெண்கலம், வெள்ளி, பொன் என்று படித்தரங்கள் உண்டு. வெண்கலத்தில் நிற்போம் என்று நாம் மன்றாடினால், இன்னும் ஒரு பத்தாயிரத்தில் பொன்னே கிடைக்கும்போது வெண்கலத்தை எவன் வாங்குவான் என்று அவர் வியப்பார். இந்தக் கம்பியூட்டருக்காக வாங்குகிறவர் வீட்டுப் பொன் ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போயிருக்கும் சங்கதி அவருக்கும் தெரியும். இருந்தாலும் பெட்டிக்குள் பொன் இருக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். பெரிய கார்டுக்குப் பெரிய கேசிங். பெரிய கேசிங்குக்கு ஆறு விசிறி. விசிறி என்றால் விளக்கு எரியாமல் சுற்றுமா? கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில், சித்திரை வெயிலிலும் மாலையானால் சுவெட்டர் தேடுகிற ஊரில் நாம் வசிக்கிறோம் என்பதைப் பணிவோடு நினைவூட்டினால், "வெளியில குளிர் சேர், உள்ளுக்குள்ள சூடு" என்று வேதாந்தம் போல ஒரு வாசகத்தைச் சொல்லிவிட்டு, தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் கூலர் ஒன்றின் படத்தைப் போனில் எடுத்துக் காட்டுவார்.

பிறகு புரொசெசர். இங்கேதான் அவருடைய பாண்டித்தியம் பூரணப் பிரகாசம் பெறுகிறது. கார்டையும் புரொசெசரையும் எதிரெதிரே வைத்து, பத்துப் பொருத்தம் பார்க்கும் ஜோதிடரைப் போல விரல் விட்டு எண்ணி, "பொட்டில்நெக் ஆகுது சேர்" என்று அவர் முகம் வாடும் வாட்டத்தைப் பார்க்கப் பொறுக்காது. ரைசன் 5600 இந்த 3060க்குப் போதாதா என்றால், போதுமாம். நாளைக்கு இதைவிடப் பெரிய கார்ட் போட்டால் போதாதாம். போடப் போவதில்லை என்று நாம் சத்தியம் செய்தாலும் அவர் நம்பமாட்டார். தவிர, அந்தப் புரொசெசர் உட்காரும் ஏ.எம். 4 என்கிற சொக்கெட் 2016இல் வந்த பழசு, செத்துப்போன சொக்கெட், அதில் காசு போடுவது வீண். (செத்தது என்று 2022இலேயே அவர் துக்கம் விசாரித்த அந்தச் சொக்கெட்டுக்கு 2024இலும் புதுப் புரொசெசர்கள் வந்துகொண்டிருந்தன, அதைப் பற்றி அவரிடம் பிரஸ்தாபித்தால் காது கேளாதவர் போல் இருந்துவிடுவார்.) ஆகவே ஏ.எம். 5. ஏ.எம். 5 என்றால் மதர்போர்ட் வேறு. அந்த மதர்போர்ட் டி.டி.ஆர். 5 அல்லாத ரேமைத் தீண்டாது. ஆகவே ரேமும் வேறு. இவ்வளவும் சேர்ந்த ஒரு யந்திரத்தை 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் இணைப்பது மகாபாதகம். ஆகவே 144 ஹேர்ட்ஸ். இவ்வாறு ஒவ்வொரு பத்தாயிரமாக நாம் ஏறி, மூச்சு வாங்கி, தொகை மூன்றரை இலட்சத்தை நெருங்கும் நேரத்தில், இவற்றையெல்லாம் குறித்துவந்த தம் சி.ஆர். கொப்பியின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை வாசித்து, நெற்றியைச் சுருக்கி, பேனையால் முதல் வரியை மெதுவாகத் தட்டி, அவர் சொல்வார்: "இவ்வளவையும் போட்டுட்டு, கார்ட் மட்டும் வெறும் 3060ஆ சேர்?"

கம்பியூட்டரோடு சேரும் உபகரணங்களில் அவருக்கு இவ்வளவு சிரத்தை இல்லை. மவுஸ் எதுவாயினும் எலிதான் என்பார். கீபோர்டில் மட்டும் ஒரு பிடிவாதம்: நீல சுவிட்ச் போட்ட மெக்கானிக்கல் கீபோர்டே வேண்டும், தட்டினால் டக்கென்று சத்தம் வராத விசை விசையே அல்ல. இந்த அபிப்பிராயத்தை அவர் கொழும்பு ஃபிளாட்டுகளுக்குச் சொல்லியிருந்தால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. நடுச்சுவர் கூரையைத் தொடாத பழைய லயத்தில், ஒரு காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவில் விழிப்பு வருகிற இடத்தில், விடிய எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் படுத்திருக்கும் நடுநிசியில், பையன் நீல சுவிட்சால் பகைவரைச் சுட்டுக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. அந்தக் கீபோர்டுகளில் இரண்டொன்று இப்போது பத்தாயிரத்தாரிடமே திரும்பி வந்து, அவருடைய அலுமாரிக்கு மேல் இருக்கின்றன.

அவருடைய என்றேன்; அலுமாரி அவருடையதல்ல. பஸ் நிலையத்துக்குச் சமீபமான ஒரு போன் திருத்தும் கடையில், கடைக்காரரின் தாட்சண்யத்தால் அவருக்கு ஒரு ஸ்டூலும் அரை மேசையும் சித்தித்திருக்கின்றன. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில், நாட்டிலுள்ள கம்பியூட்டர்ப் பித்தர்கள் எல்லோரும் ஒருநாளாவது படியேறி இறங்கும் அந்தக் கட்டடத்தில், சில வருஷங்கள் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டுத் தாயாரின் சுகவீனத்தை முன்னிட்டு ஊர் திரும்பியவர். சொந்தத்தில் அவர் வைத்திருப்பது ஒரு பழைய கோர் டூ டுவோ. பக்கத் தகடு கழற்றியபடி, குளிருக்கும் தூசிக்கும் திறந்த மார்போடு, பத்து வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு பத்தாயிரம் போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவர் கொப்பியில் ஒருநாளும் இடம்பெறாத சாமான் ஒன்று உண்டு: யூ.பி.எஸ். காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேங்கும் தண்ணீர், லக்சபானவிலும் நோர்ட்டனிலும் மின்சாரமாகி நாடெங்கும் போய் விளக்கேற்ற, அந்த நீர்த்தேக்கங்களின் கரையிலே குடியிருக்கும் நமக்கு, காற்று கொஞ்சம் பலமாக வீசினால் மெழுகுவர்த்திதான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி இறங்கினால், ரவுட்டர் போகுமா பவர் சப்ளை போகுமா என்பது அவரவர் பூர்வபுண்ணியம். இந்த ஊரில் விளையாட்டுக் கம்பியூட்டருக்குப் பரம வைரிகள் மின்வெட்டு, இடி, ஈரம் ஆகிய மூன்றும், பொட்டில்நெக் அல்ல. ஆனால் யூ.பி.எஸ்.ஸில் பேசிச் சுவைக்க என்ன இருக்கிறது? அதில் தலைமுறை இல்லை, சொக்கெட் இல்லை, ஒளிரும் விளக்கும் இல்லை. ஆகையால் பொன் முத்திரை பெற்ற பவர் சப்ளையை, பாதுகாப்பு ஏதுமின்றி நேரே சுவர் பிளக்கில் சொருகச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக எழுந்துவிடுகிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகத்தக்க விஷயங்கள். இனிச் சொல்வது அப்படியல்ல.

2021 முடியும் தறுவாயில், நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய், சீட்டை ஏலத்தில் எடுத்து, தீபாவளி முற்பணத்தில் மிச்சம் பிடித்ததையும், ஆடைத் தொழிற்சாலையில் இருக்கும் மகள் அனுப்பியதையும் சேர்த்து, உயர்தரம் படிக்கும் மகனுக்கு ஒரு கம்பியூட்டர் வாங்கப் புறப்பட்டாள். படிப்புக்கு என்று தாய் நினைத்தாள், படிப்புக்கும் விளையாட்டுக்கும் என்று மகன் நினைத்தான், இரண்டுமே நியாயம். அன்று கையிலிருந்த காசுக்கு ஒரு நல்ல கம்பியூட்டர் வந்திருக்கும். பத்தாயிரத்தார் வழக்கம்போல் ஒரு பத்தாயிரம் கூட்டினார். அதைத் தேடி முடிப்பதற்குள் இன்னொன்று கூட்டினார். பிறகு, "கொஞ்சம் பொறுங்கக்கா, ஈதீரியம்காரன் மைனிங்கை நிறுத்தப் போறான், கார்ட் விலை விழப்போகுது" என்றார். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் பலித்தது. 2022 செப்டெம்பரில் ஈதீரியம் என்கிற டிஜிட்டல் நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளால் தோண்டும் முறையைக் கைவிட்டது. உலகச் சந்தையில் கார்டுகளின் விலை விழுந்தது. ஆனால் அதற்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறிவிட்டது. அந்த ஆண்டு மார்ச் 31ஆம் தேதி நாட்டுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்தத் தாய் சேர்த்த பணம், மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கரைந்தது. சந்தையைப் பற்றிப் பத்தாயிரத்தாருக்குத் தெரிந்தது முழுவதும் சரி. அந்த வீட்டைப் பற்றித்தான் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பையன் இப்போது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான், விளையாடுவது போனில்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். பத்தாயிரத்தார் நாவில் அவ்வளவு லகுவாகப் புரளும் அந்தத் தொகை, மழையில் அட்டைக் கடியோடு மலையேறி இறங்கும் ஒரு பெண்ணுக்கு அன்று பத்து முழுப்பேர். கணக்கப்பிள்ளையின் மகனாகப் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த மனிதர், இதை ஒருவர் எடுத்துச் சொல்லும்வரை காத்திருப்பது எனக்கு மன்னிக்கத்தக்கதாகத் தோன்றவில்லை. நான் அவரிடம் நேரிலேயே சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "தெரியும் சேர். ஆனா மட்டமான சாமானை வாங்கிக் குடுத்துட்டு, ரெண்டு வருசத்துல அது நின்னுபோனா, அந்தப் புள்ள என்னையத்தானே பாக்கும்?" என்றார். அந்தப் பதிலில் உள்ள நேர்மையை என்னால் மறுக்க முடியவில்லை. அதனால் கோபம் தணிந்தது என்றும் சொல்ல முடியாது.

நேர்மை என்றது ஏனெனில், நின்றுபோனால் வருகிறவரும் அவர்தான். கடும் மழை இரவில் அயல் வீட்டுக் கம்பியூட்டர் படம் காட்டாமல் பீப் பீப் என்று அலறியபோது, டிக்கோயாவிலிருந்து ஆட்டோ பிடித்து, நனைந்த ஜக்கெட்டைக் கதவில் தொங்கவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஓர் அழிறப்பர் கேட்டார். ரேம் துண்டைப் பக்குவமாகக் கழற்றி, அதன் ஓரத்துப் பித்தளை நிறப் பற்களை அந்த அழிறப்பரால் ஒரே திசையில், அவசரமின்றித் தேய்த்தார். ஈரம் ஏற்றியிருந்த மங்கல் போய் பற்கள் மினுங்கின. துகள்களைச் சட்டைக்குள் விழாதபடி ஊதி, துண்டை மறுபடி துளையில் வைத்து, இரு நுனியிலும் பெருவிரலால் அழுத்த, டக் டக் என்று இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டது. திரை எரிந்தது. கூலி கேட்கவில்லை, தேத்தண்ணியும் ஒரு துண்டு தேங்காய் ரொட்டியும் போதும் என்றார். கொழும்புக் கடை உத்தரவாதத்தைத் தட்டிக் கழித்த எத்தனையோ பவர் சப்ளைகளை அவரே மடியில் வைத்து ரெயிலில் கொண்டுபோய், வாதாடி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். ஆட்டோவில் ஏறும்போது மட்டும் தலையை வெளியே நீட்டி, "ரேம் ரொம்பப் பழசு அண்ணே, இன்னும் ஒரு பத்தாயிரம்…" என்று தொடங்கினார். நல்லவேளையாக ஆட்டோ புறப்பட்டுவிட்டது.

ஆகவே ஹட்டனில் கம்பியூட்டர் வாங்க உத்தேசித்திருக்கும் பெற்றோருக்கு என் விண்ணப்பம் இதுதான். கையிலுள்ள தொகையில் யூ.பி.எஸ்.ஸுக்கு உரியதை முதலில் ஒதுக்குங்கள். 18 சதவீத பெறுமதி சேர் வரியும் சேர்த்த விலையா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு எது வருகிறதோ அதை வாங்கிப் பூட்டுங்கள், ஜி.டி.ஏ. ஐந்து அதில் ஓடும். பத்தாயிரத்தாரிடம் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழுது பார்க்க அவரைப்போல் ஒருவர் இங்கிருந்து பொகவந்தலாவை வரைக்கும் கிடையாது. வாங்கி முடித்து, ரசீதையும் வாங்கிக்கொண்ட பிறகு போங்கள்.